மும்பை கிளஸ்டரை யாழ்ப்பாணத்திலிருந்து கண்காணிக்க: ஏஜன்ட் நிறுவும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸில் இருக்கை பதியும் ஒரு செயலியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எழுதிய பெடியங்கள் திருநெல்வேலியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கிறார்கள். செயலி ஓடுவது மும்பையில், அமேசானின் இகேஎஸ் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில். குபர்நெட்டிஸ் என்பது பல மெஷின்களை ஒரு கூட்டமாகச் (கிளஸ்டர்) சேர்த்து அவற்றில் செயலிகளை ஓட்டும் மென்பொருள்; இகேஎஸ் அதை அமேசான் நடத்தித் தரும் சேவை. அமேசான், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றுக்கும் இலங்கையில் ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் இடம்) இல்லை. மும்பை, சென்னை, சிங்கப்பூர் என்று எங்காவதுதான் போக வேண்டும். பின்னேரம் சனம் போனை எடுத்து டிக்கெட் போடும் நேரத்தில் ஒரு நோட்டுக்கு (கிளஸ்டரில் உள்ள ஒரு மெஷினுக்கு) மெமரி போதாமல் போனால், அது முதலில் யாருக்குத் தெரியவரும்? பெரும்பாலும் பஸ் முதலாளிக்கு. அவருடைய கோல் வருமுன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலை.

ஏஜன்டை, அதாவது மெஷின்களின் கணக்கை எடுத்து அனுப்பும் மென்பொருளை, போடுவது அரை நாள் வேலைகூட இல்லை. போட்ட ஏஜன்ட் எதைப் பார்க்கவில்லை என்று தேடத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. டேஷ்போர்ட் பச்சையாக இருக்கிறது என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடலாம்; உடைந்த இடத்தை யாரும் பார்க்காமலும் இருக்கலாம். எனவே கீழே ஒவ்வொரு படியிலும் ஏஜன்டின் கண்ணுக்குத் தப்பும் இடங்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

கொமாண்டுகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டேர்மினலில் வழமைபோல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

எதைப் போடப்போகிறோம்

கருவியாக, கண்காணிப்புக் கணக்குகளைச் சேகரிக்கும் திறந்த மூல மென்பொருளான புரோமீதியஸை எடுத்துக்கொள்கிறேன். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது. 2016இல், இத்தகைய திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்பில் குபர்நெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. இன்று கண்காணிப்புச் சேவை விற்கும் அநேகர் அதன் மொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் பிறகு சேமிப்பிடத்தை மாற்றினாலும் ஏஜன்டைப் பிடுங்கத் தேவையில்லை.

மொத்தம் நான்கு துண்டுகள். நோட் எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் கணக்கைச் சொல்லும். ஒவ்வொரு கொன்டெய்னரும் (செயலி ஓடும் தனிப்பொதி) எவ்வளவு தின்கிறது என்பதை கியூப்லெட்டுக்குள் (ஒவ்வொரு நோட்டிலும் ஓடும் குபர்நெட்டிஸின் பகுதி) ஏற்கெனவே இருக்கும் சிஅட்வைசர் சொல்லும். அதற்கென்று எதையும் நிறுவ வேண்டாம். எத்தனை பொட் (ஒன்றாக ஓடும் கொன்டெய்னர்களின் கூட்டு) ஓட வேண்டும், எத்தனை ஓடுகின்றன, எது ஏன் செத்தது என்பது கியூப் ஸ்டேட் மெட்ரிக்ஸின் வேலை. அது கிளஸ்டருக்கு ஒன்று போதும். இவற்றையெல்லாம் சேகரித்து வெளியே அனுப்புவது ஏஜன்ட் மோடில் ஓடும் புரோமீதியஸ். 2021இல் 2.32 பதிப்போடு வந்த இந்த மோடில் தேடலும் இல்லை, அலேர்ட்டும் இல்லை. எடுத்து அனுப்புவது மட்டும்தான்.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில் கிராஃபானா ஏஜன்டைப் போடச் சொல்லியிருக்கும். அதற்கான ஆதரவு 2025 நவம்பர் 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் அலோய்தான் அதற்குப் பதில். அதேபோல, கியூப்கண்ட்ரோல் (கிளஸ்டரோடு பேசும் கொமாண்ட்) டொப் என்று அடித்தால் எண்கள் வருகின்றனவே, பிறகு ஏன் இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்களைத் தரும் மெட்ரிக்ஸ் சேர்வர் பழையதை வைத்திருக்காது. நேற்றுப் பின்னேரம் என்ன நடந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

சேமிப்பிடம் கிளஸ்டருக்கு வெளியே

கணக்குகளைச் சேமிக்கும் இடத்தையும் அலேர்ட்டையும் அதே கிளஸ்டருக்குள் வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போன்றது. கிளஸ்டர் விழும் அன்றுதான் அது தேவை. அன்றுதான் அதுவும் விழுந்திருக்கும். எனவே வேறு கணக்கில் ஒரு சிறு மெஷினில், இந்தக் கணக்குகளைச் சேமிக்கும் விக்டோரியாமெட்ரிக்ஸைப் போடுங்கள். அல்லது ரிமோட் ரைட் (புரோமீதியஸ் கணக்கை வெளியே அனுப்பும் முறை) ஏற்கும் வாடகைச் சேவை ஒன்றை எடுங்கள்.

அந்த மெஷின் அலுவலகத்திலேயே இருக்கட்டுமே, டொலர் மிச்சம் என்ற யோசனை வரும். வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை விடுங்கள். நிலைமை சீரான பிறகும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருளில் கிடந்தது. அலுவலகத்துக்குப் படம் மட்டும் வந்தால் போதும்.

படி 1: நோட்டுகளை எண்ணுங்கள்

முதலில் கியூப்கண்ட்ரோல் கெட் நோட்ஸ். எத்தனை வரிகள் என்று எழுதி வையுங்கள். பிறகு படி 5இல் இந்த எண் தேவைப்படும். பெயர் ஃபார்கேட் என்று தொடங்கும் வரிகள் இருந்தால் தனியாக எண்ணுங்கள். இகேஎஸ் ஃபார்கேட்டில் (மெஷினை அமேசானே பார்த்துக்கொள்ளும் வகை) டேமன்செட் (ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பொட்டை ஓட்டும் அமைப்பு) ஓடாது. அங்கே நோட் எக்ஸ்போர்ட்டர் போகவே போகாது. கூகுளின் குபர்நெட்டிஸ் சேவையான ஜிகேஈயில் ஓட்டோபைலட் வகையில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: நோட்டின் கோப்புகளைத் தொடுவதற்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு, கூகுள் தானே தரும் கண்காணிப்பைப் பயன்படுத்துவதுதான் சுகம்.

பிறகு ஒவ்வொரு நோட்டையும் டிஸ்கிரைப் செய்து டெயின்ட் (பொட்டுகள் ஏறாமல் தடுக்கும் குறி) வரியைப் பாருங்கள். டேட்டாபேஸுக்கென்று ஒதுக்கிய நோட்டில் யாரோ ஒருவர் டெயின்ட் போட்டிருப்பார். அதைத் தாங்கும் டொலரேஷன் இல்லாத பொட் அங்கே ஏறாது. அந்த நோட் எந்த கிராஃபிலும் வராது, யாரும் தேடவும் மாட்டார்கள்.

சிறிய குழுக்களில் வரும் இன்னொரு சிக்கல் இடநெருக்கடி. இகேஎஸ்ஸில் டி3 மீடியம் மெஷினுக்கு வழமையான அமைப்பில் 17 பொட்தான். சிபியுவும் மெமரியும் மிச்சம் இருந்தாலும், 17 நிரம்பிவிட்டால் பதினெட்டாவதாக வரும் ஏஜன்ட் பென்டிங்கில் நிற்கும். இதற்கான வழி படி 3இல்.

படி 2: நேம்ஸ்பேஸும் இரகசியமும்

மொனிட்டரிங் என்ற பெயரில் ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பகுதி) உருவாக்குங்கள். நோட் எக்ஸ்போர்ட்டருக்கு மெஷினின் நெட்வேர்க்கும் கோப்பு மரமும் தெரிய வேண்டும். பொட்டுகளுக்கான பாதுகாப்பு விதியான பொட் செக்யூரிட்டியில் பேஸ்லைன், ரெஸ்ட்ரிக்டட் என்ற நிலைகள் இரண்டுமே அதை மறிக்கும். எனவே இந்த நேம்ஸ்பேஸுக்கு மட்டும் பிரிவிலெஜ்ட் என்ற லேபிளைப் போடுங்கள். செயலி இருக்கும் நேம்ஸ்பேஸில் கை வைக்காதீர்கள்.

ரிமோட் ரைட்டுக்கான பெயரையும் கடவுச்சொல்லையும் குபர்நெட்டிஸ் சீக்ரெட்டாகப் போடுங்கள். வல்யூஸ் கோப்பில் (அடுத்த படியில் வரும் அமைப்புக் கோப்பு) எழுதினால் அது கிட்டுக்குள் (குழு கோட் சேமிக்கும் இடம்) போய்விடும். சீக்ரெட்டில் தெரிவது பேஸ்64 மட்டும்தான், பூட்டு அல்ல. அதனால் சீக்ரெட் கோப்பும் கிட்டுக்குள் போகக்கூடாது. சேமிப்பிடத்தில் எழுத மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்றைத் தர முடியுமானால் அதைத் தாருங்கள்.

படி 3: வல்யூஸ் கோப்பு

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கியூப் புரோமீதியஸ் ஸ்டாக் என்ற ஹெல்ம் சார்ட்டை (ஹெல்ம் என்ற கருவி குபர்நெட்டிஸில் நிறுவும் பொதி) எடுக்கிறோம். அது இயல்பில் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கும். எங்களுக்குத் தேவை கொஞ்சம்தான். கிராஃபானா (கிராஃப் காட்டுவது), அலேர்ட்மேனேஜர் (அலேர்ட்டை அனுப்புவது), டிஃபோல்ட் ரூல்ஸ் மூன்றையும் ஃபோல்ஸ் ஆக்குங்கள். புரோமீதியஸ் பகுதியில் ஏஜன்ட் மோடை ட்ரூ ஆக்குங்கள்.

கியூப் எட்சிடி, கியூப் ஷெட்யூலர், கியூப் கண்ட்ரோலர் மேனேஜர் மூன்றையும் ஃபோல்ஸ் ஆக்குங்கள். கிளஸ்டரை நடத்தும் இந்தப் பகுதிகள் இகேஎஸ்ஸில் அமேசானின் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் ஏஜன்டுக்கு அங்கே வாசல் இல்லை. விட்டுவைத்தால் பிறகு, ஷெட்யூலர் செத்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் பொய் அலேர்ட் வரும். ஒரு கிழமையில் உங்கள் குழு அலேர்ட் வரும் குரூப்பையே மியூட் பண்ணிவிடும். கியூப் புரொக்ஸியும் இகேஎஸ்ஸில் தன் கணக்கை வழமையாக மெஷினுக்குள் மட்டும்தான் திறந்து வைத்திருக்கும், அதையும் அணைத்துவிடலாம்.

எக்ஸ்டேர்னல் லேபிள்ஸில் கிளஸ்டருக்கு ஒரு பெயர் கொடுங்கள். இன்று ஒரு கிளஸ்டர்தானே என்று விட்டால், நாளைக்குச் சோதனைக் கிளஸ்டர் வந்து இரண்டின் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நோட் எக்ஸ்போர்ட்டர் பகுதியில் டொலரேஷனை வடிவாகப் பாருங்கள். சார்ட்டில் ஏற்கெனவே இருப்பது நோஷெட்யூல் வகை டெயின்ட்டுகளை மட்டும் தாங்கும். உங்கள் டெயின்ட் நோஎக்ஸிகியூட் வகை என்றால், எஃபெக்ட் வரியை எடுத்துவிட்டு ஒபரேட்டர் எக்ஸிஸ்ட்ஸ் என்பதை மட்டும் வையுங்கள். எல்லா நோட்டிலும் ஏறும். பிரையோரிட்டி கிளாஸாக சிஸ்டம் நோட் கிரிட்டிக்கல் என்று கொடுத்தால், நிரம்பிய நோட்டிலும் முக்கியம் குறைந்த ஒரு பொட்டை இறக்கிவிட்டு ஏஜன்ட் இடம்பிடிக்கும். இறக்கப்பட்ட பொட்டுக்கு வேறு நோட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் செயலியை வெளியே தள்ளிவிட்டு அதைக் கண்காணிப்பதில் பயன் இல்லை.

மெமரி, சிபியு: நோட் எக்ஸ்போர்ட்டருக்குச் சில பத்து எம்பி போதும். சேகரிக்கும் புரோமீதியஸுக்கு 512 எம்பி ரிக்வெஸ்டில் தொடங்கி, உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். மெமரிக்கு லிமிட் போடுங்கள், சிபியுவுக்குப் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சிபியு லிமிட் போட்டால் நெருக்கடி நேரத்தில், அதாவது கணக்கு உண்மையாகத் தேவைப்படும் நேரத்தில், ஏஜன்டின் கழுத்தைத்தான் அது பிடிக்கும்.

புரோமீதியஸுக்கு 10 ஜிபி அளவில் ஒரு வொல்யூம் கொடுங்கள். வெளியே அனுப்ப முடியாதபோது சேர்ந்து நிற்கும் கணக்கு அங்கேதான் இருக்கும். சேமிப்பிடம் ஓரிரு மணித்தியாலம் படுத்தாலும் பிறகு அனுப்பிவிடும், நாள்கணக்கில் படுத்தால் இடைவெளி விழும். ஈபிஎஸ் (அமேசானின் டிஸ்க் சேவை) வொல்யூம் ஒரு சோனுக்குள் (ரீஜனின் ஒரு பகுதி) கட்டுப்பட்டது. அந்த சோனில் ஒரே ஒரு நோட் இருந்து அதுவும் போனால், பொட் வேறு சோனில் எழும்பாது. ஒரு சோனுக்குக் குறைந்தது இரண்டு நோட் இருப்பது நல்லது.

ஸ்கிரேப் இன்டர்வலை (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்கு எடுப்பது) 60 செக்கன் ஆக்குங்கள். கணக்குப் பாருங்கள்: 20,000 சீரிஸ் (தனித்தனியாகப் பின்தொடரும் அளவீடுகள்), ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு ஒரு சாம்பிள் என்றால் நாளுக்கு 2 கோடியே 88 இலட்சம் சாம்பிள். புரோமீதியஸ் ஒரு சாம்பிளைச் சராசரியாக 1 முதல் 2 பைட்டில் சேமிக்கும். மாதம் ஒன்றே முக்கால் ஜிபிக்குள் அடங்கிவிடும். 15 செக்கனுக்கு இறக்கினால் எல்லாம் நான்கு மடங்கு. சாம்பிள் எண்ணிக்கைக்குக் காசு எடுக்கும் சேவையில் இருந்தால் பில்லும் அதே வழிதான்.

படி 4: நிறுவுதல்

இதை உங்கள் லப்டொப்பிலிருந்து செய்யாதீர்கள். ஹெல்ம் வேலை செய்வது கொமாண்ட் அடித்த மெஷினில்தான். நடுவில் கரண்ட் போய் ரவுட்டரும் படுத்தால், ரிலீஸ் பென்டிங் இன்ஸ்டால் நிலையில் தொங்கும். அடுத்த முறை அடித்தால், வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பும். அட்டோமிக் (தோற்றால் தானாகப் பின்வாங்கும் தெரிவு) கொடுத்திருந்தாலும் பின்வாங்கும் வேலையைச் செய்ய வேண்டிய மெஷினே இல்லாமல் போயிருக்கும். மும்பையிலேயே உள்ள ஒரு சிறு மெஷினுக்குள் எஸ்எஸ்எச்சில் போய், டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் கொமாண்டை ஓடவைக்கும் கருவி) திறந்து, அதற்குள்ளிருந்து ஓட்டுங்கள். இல்லையென்றால் சிஐ பைப்லைனில் (நிறுவும் வேலையைத் தானாகச் செய்யும் சேவை) போடுங்கள். ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால், முதல் நிறுவலுக்கு ஹெல்ம் அன்இன்ஸ்டால், அப்கிரேடுக்கு ஹெல்ம் ரோல்பேக்.

சார்ட்டின் பதிப்பு எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். முதலில் ஹெல்ம் டெம்ப்ளேட் ஓட்டி, வெளிவரும் கோப்பில் கிளஸ்டர்ரோல் (ஏஜன்டுக்குக் கிடைக்கும் உரிமைகள்) பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். நோட்ஸ் மெட்ரிக்ஸ், பொட்ஸ், சேர்விசஸ், எண்ட்பொயின்ட்ஸ் ஆகியவற்றுக்கு கெட், லிஸ்ட், வொட்ச் உரிமை இருந்தால் நியாயம். வேறு எந்த ஏஜன்டை எடுத்தாலும் நோட்ஸ் புரொக்ஸி உரிமை கேட்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாக கியூப்லெட்டுக்குப் போய் எந்தப் பொட்டுக்குள்ளும் கொமாண்ட் ஓட்ட முடியும். சரி என்று பட்டால் ஹெல்ம் அப்கிரேட் இன்ஸ்டால்.

படி 5: எண்ணிக்கை பொருந்துகிறதா

கியூப்கண்ட்ரோல் கெட் டேமன்செட் என்று அடித்தால் டிசையர்ட், ரெடி என்று இரண்டு எண்கள் வரும். இரண்டும் 5 என்று பார்த்ததும் பலர் எழும்பிப் போய்விடுவார்கள். ஆனால் டிசையர்ட் என்பது ஏஜன்ட் ஏறக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை. டெயின்ட் தடுத்த நோட் அந்தக் கணக்கில் வராது. படி 1இல் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அங்கே 6 என்றால் ஒன்று தப்பியிருக்கிறது.

கையால் ஒருமுறை ஒப்பிட்டால் போதாது, நாளைக்கு ஓட்டோஸ்கேலர் புதிய நோட் கொண்டுவரும். சேமிப்பிடத்தில் இரண்டு எண்களை எடுத்து நிரந்தரமாக ஒப்பிடுங்கள்: கியூப் நோட் இன்ஃபோ என்ற மெட்ரிக்கின் எண்ணிக்கை, நோட் எக்ஸ்போர்ட்டர் ஜொப்பில் அப் (வாசிக்க முடிந்தால் 1, இல்லையென்றால் 0) என்பது 1 ஆக இருப்பவற்றின் எண்ணிக்கை. முதலாவது குபர்நெட்டிஸிடம் கேட்டுப் பெற்றது, இரண்டாவது மெஷின்களிலிருந்து வந்தது; இரண்டும் வெவ்வேறு வழி. ஃபார்கேட் நோட்டுகளைக் கழித்த பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் இவை பொருந்தாவிட்டால் அலேர்ட். நீங்கள் எழுதும் முதல் ரூல் இதுவாக இருக்கட்டும்.

அப் என்பது 0 காட்டினால் பெரும்பாலும் செக்யூரிட்டி குரூப்தான் (அமேசானின் ஃபயர்வோல் விதிகள்) காரணம். நோட்டுகளுக்கிடையில் 9100, 10250 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். அவசரத்தில் 9100ஐ உலகத்துக்கே திறந்துவிடாதீர்கள். நோட் எக்ஸ்போர்ட்டர் நோட்டின் சொந்த முகவரியில் நிற்பதால், பொது முகவரி உள்ள நோட் என்றால் யாரும் வாசிக்கலாம்.

படி 6: செயலியின் சொந்தக் கணக்கு

மெஷின் நலமாக இருந்தும் பதிவு நடக்காமல் இருக்கலாம். எனவே செயலியிலும் ஒரு மெட்ரிக்ஸ் முகவரி திறந்து, அதைப் புரோமீதியஸுக்குக் காட்டும் சேர்விஸ்மொனிட்டர் எழுதுங்கள். எழுதியும் ஒன்றும் வரவில்லை என்றால், அதில் ரிலீஸ் என்ற லேபிள் உங்கள் ஹெல்ம் ரிலீஸின் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லேபிள் இல்லாவிட்டால், புரோமீதியஸை நிர்வகிக்கும் ஒபரேட்டர் சேர்விஸ்மொனிட்டரைக் கண்டுகொள்ளாது, எரரும் காட்டாது.

லேபிள்களில் கட்டுப்பாடு வேண்டும். பதிவுக் கணக்கில் பஸ், இருக்கை எண், பயண நாள் மூன்றையும் லேபிளாக வைத்தால்: 40 பஸ், 45 இருக்கை, 30 நாள், மொத்தம் 54,000 சீரிஸ். வெற்றி, தோல்வி, காத்திருப்பு என்று இன்னொரு லேபிள் சேர்ந்தால் 1,62,000. படி 3இல் முழுக் கிளஸ்டருக்கும் போட்ட கணக்கின் எட்டு மடங்கு அது. பயணியின் போன் எண்ணை லேபிளாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது செலவு மட்டுமல்ல, தனியுரிமைப் பிரச்சினையும்கூட. வழித்தடம், முடிவு என்ற இரண்டு லேபிளும் போதும். எந்த இருக்கை என்பதை லொக்கில் (செயலி எழுதி வைக்கும் பதிவேடு) தேடுங்கள்.

படி 7: அலேர்ட்

ஏஜன்ட் மோடில் ரூல் ஓடாது என்று சொன்னேன். எனவே எல்லா ரூலும், அலேர்ட்மேனேஜரும் சேமிப்பிடத்தின் பக்கம். ஏஜன்ட் செத்தால் கணக்கு வராது, கணக்கு வராவிட்டால் ‘மெமரி 90 வீதத்துக்கு மேல்’ என்ற ரூலும் மௌனமாகிவிடும். அதற்காக, எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் வொட்ச்டோக் அலேர்ட் ஒன்றை வைத்து, வெளியே ஒரு ஹார்ட்பீட் சேவைக்கு அனுப்புங்கள். அதன் கண்டிஷன், கிளஸ்டரிலிருந்து வரும் ஒரு மெட்ரிக்கில் தங்கியிருக்கட்டும். துடிப்பு நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பும். ஏஜன்ட், சேமிப்பிடம், அலேர்ட்மேனேஜர் மூன்றில் எது படுத்தாலும் இது பிடிக்கும்.

கொன்டெய்னர் மெமரிக்கு வேர்க்கிங் செட் என்ற மெட்ரிக்கைப் பாருங்கள். யூசேஜ் என்பதில் கோப்புக் காஷும் சேர்ந்து வீங்கித் தெரியும். எக்ஸிட் கோட் 137 என்று பொட் செத்திருந்தால், அநேகமாக மெமரி லிமிட்டைத் தாண்டிக் கொல்லப்பட்டது.

அலேர்ட்மேனேஜரில் டெலிகிராமுக்கு நேரடி வழி உண்டு. வாட்ஸ்அப்புக்கு இல்லை, நடுவில் ஒரு வெப்ஹூக் (அலேர்ட்டை வாங்கி மறுபக்கம் அனுப்பும் இணைய முகவரி) வேண்டும். நேரக் கணக்கும் குழப்பும்: சேர்வர் லொக்குகள் யுடிசியில் இருக்கும், இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே 14:30. கிராஃபானா உங்கள் பிரவுசரின் நேரத்தில் காட்டும்போது லொக்கில் அதே நிமிடத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படி 8: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

பின்னேரப் பதிவு நேரத்தைத் தவிர்த்து, காலை பத்து மணி போலச் செய்யுங்கள். ஒரு நோட் எக்ஸ்போர்ட்டர் பொட்டை அழியுங்கள். அது தானாக எழும்ப வேண்டும். ஒரு நோட்டை டிரெயின் செய்து (பொட்டுகளை வெளியேற்றி) அகற்றி, புதிதாக வரும் நோட் சில நிமிடத்தில் கிராஃபில் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக ரிமோட் ரைட்டின் கடவுச்சொல்லைப் பிழையாக மாற்றுங்கள். கிளஸ்டருக்குள் எல்லாப் பொட்டும் ரன்னிங் என்றே காட்டும். ஹார்ட்பீட் அலேர்ட் போனுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். அலேர்ட் வராவிட்டால் படி 7க்குத் திரும்ப வேண்டும்.

அப்கிரேடும் அகற்றலும்

ஹெல்ம், சிஆர்டிகளை (சேர்விஸ்மொனிட்டர் போன்ற புது வகைகளைக் குபர்நெட்டிஸுக்கு அறிமுகப்படுத்தும் வரையறைகள்) முதல் முறை மட்டும்தான் நிறுவும், அப்கிரேடில் தொடாது. எனவே சார்ட்டின் பெரிய பதிப்பு மாறும்போது சிஆர்டிகளை முதலில் கையால் அப்ளை செய்ய வேண்டும். சாதாரண அப்ளை, அனோட்டேஷன் நீளம் கூடிவிட்டது என்று மறுக்கும். சேர்வர் சைட் என்ற தெரிவோடு கொடுங்கள். அன்இன்ஸ்டால் செய்தாலும் சிஆர்டிகள் அப்படியே கிடக்கும். சுத்தப்படுத்துகிறேன் என்று அவற்றை அழித்தால், எல்லா நேம்ஸ்பேஸிலும் எழுதி வைத்த சேர்விஸ்மொனிட்டர்கள் ஒரே அடியில் போய்விடும். அவை கிட்டில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அழியுங்கள்.